அப்பீல் நடக்கும்போது ஜாப் சென்டர் கூப்பிட்டால்: யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் உடல்நிலை காரணமாக யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கி, வேலை செய்யும் திறன் பற்றிய முடிவை எதிர்த்து அப்பீல் போடுகிறவர்களில் பலர் பணம் இழப்பது அப்பீலில் தோற்று அல்ல. அப்பீல் முடிவு வருவதற்கு முந்தைய மாதங்களில், ஜாப் சென்டர் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) கூப்பிட்டும் போகாமல் இருந்தோ, அவர்கள் நீட்டிய உடன்பாட்டை ஏற்காமல் விட்டோதான். "நான்தான் அப்பீல் போட்டிருக்கிறேனே, எனக்கு வேலை செய்ய முடியாது என்றுதானே வழக்கு, அப்புறம் எதற்கு வேலை பற்றிப் பேசப் போக வேண்டும்?" என்று கேட்பது நியாயம். ஆனால் சட்டம் அப்படி இல்லை. அப்பீல் போட்டதால் பழைய முடிவு நிறுத்திவைக்கப்படுவதில்லை. ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) மாற்றும் வரை அந்த முடிவுதான் செல்லும். அதில் சொன்ன கடமைகளும் கூடவே வரும்.

இன்னொரு பயமும் பரவலாக இருக்கிறது: ஜாப் சென்டருக்குப் போனால் "போக முடிந்ததே, அப்படியானால் வேலையும் செய்யலாம்" என்று அப்பீலில் எதிராகத் திருப்பிவிடுவார்களோ என்று. இதற்காகப் போகாமல் இருக்கத் தேவையில்லை. டிடபிள்யூபி (இந்தப் பணத்தைத் தரும் அரசுத் துறை) முடிவெடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதைத்தான் ட்ரிப்யூனல் பார்க்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. போகாவிட்டால் பணத்தை வெட்டுவார்கள் என்பதால்தான் நீங்கள் போகிறீர்கள் என்பது நீதிபதிக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது, அங்கே போனபின் என்ன சொல்கிறீர்கள், எதற்குச் சம்மதிக்கிறீர்கள், அது எப்படிப் பதிவாகிறது என்பது.

இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு. வட அயர்லாந்தில் துறையும் அப்பீல் வழியும் வேறு.

நீங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள்

வொர்க் கேப்பபிலிட்டி அசெஸ்மென்ட் (வேலை செய்யும் திறன் பற்றிய மதிப்பீடு) முடிந்ததும் மூன்றில் ஒரு முடிவு வரும். அதை ஜர்னலில் (உங்கள் யூனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கின் செய்திப் பக்கம்) வந்த கடிதத்தில் பாருங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

முதலாவது, "ஃபிட் ஃபார் வொர்க்", அதாவது வேலை செய்யத் தகுதி உண்டு என்பது. இப்படி முடிவானால் வேலை தேடும் கடமை முழுவதும் உங்கள் மேல் விழும். எதுவும் பேசாமல் விட்டால் வாரம் 35 மணி நேரம் வேலை தேட வேண்டும், ஒரு வழிக்கு 90 நிமிடம் வரை பயணம் செய்யத் தயாராக இருக்க வேண்டும் என்பதில்தான் கணக்கு தொடங்கும். இரண்டையும் குறைக்க வழி உண்டு; கீழே வருகிறது.

இரண்டாவது, எல்சிடபிள்யூ: வேலை செய்யும் திறன் குறைவு, ஆனால் வேலைக்கு ஆயத்தமாகலாம் என்ற பிரிவு. இதில் நேர்காணலுக்குப் போக வேண்டும். சிவி எழுதுவது, ஒரு பயிற்சிக்குப் போவது போன்ற ஆயத்த வேலைகளைச் சொன்னால் செய்ய வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சில வொர்க் கோச்சுகள் (உங்களைச் சந்திக்கும் ஜாப் சென்டர் அலுவலர்கள்) இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் "வாரம் ஐந்து விண்ணப்பம்" என்று எழுதிவிடுவார்கள். அதை அப்படியே ஏற்காதீர்கள்.

மூன்றாவது, எல்சிடபிள்யூஆர்ஏ: வேலைக்கும் சரி, ஆயத்தத்துக்கும் சரி, திறன் குறைவு என்ற பிரிவு. இதில் கடமை எதுவும் கிடையாது, கூடுதல் பணமும் உண்டு. பெரும்பாலான அப்பீல் இந்தப் பிரிவுக்குள் வருவதற்காகத்தான்.

எல்சிடபிள்யூவிலிருந்து எல்சிடபிள்யூஆர்ஏவுக்கு அப்பீல் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். ட்ரிப்யூனல் முழு முடிவையும் திறந்து பார்க்கலாம். கையில் இருக்கும் எல்சிடபிள்யூவும் போகலாம். இது அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் எல்சிடபிள்யூவுக்கு மதிப்பீட்டில் தேவையான 15 புள்ளி உங்களுக்கு விளிம்பில் நிற்கிறது என்றால் முதலில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பிலோ கவுன்சிலின் வெல்ஃபேர் ரைட்ஸ் பிரிவிலோ காகிதங்களைக் காட்டிக் கேளுங்கள்.

பிப் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி உதவித்தொகை) பணத்துக்காக அப்பீல் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிப் வேறு, இது வேறு. பிப் கிடைப்பதால் ஜாப் சென்டர் கடமை நீங்காது. பிப் மறுக்கப்பட்டதால் புதிதாகக் கடமை வருவதும் இல்லை.

நாள் கணக்கு

முடிவு வந்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் (டிடபிள்யூபியே தன் முடிவைத் திரும்பப் பார்ப்பது) கேட்க வேண்டும். ஜர்னலில் எழுதினாலே போதும். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். தாமதமானால் தகுந்த காரணத்தோடு 13 மாதம் வரை கேட்கலாம். அதன் பதில் கடிதம் வந்த தேதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் ட்ரிப்யூனலுக்கு அப்பீல், ஆன்லைனிலோ எஸ்எஸ்சிஎஸ்1 படிவத்திலோ. அந்தப் படிவத்தில் நேரில் விசாரணை வேண்டும் என்றும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் குறிக்க இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை.

மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் கேட்டதையும் அப்பீல் போட்டதையும் ஜர்னலில் தனிச் செய்தியாக வொர்க் கோச்சுக்குத் தெரியப்படுத்துங்கள். முடிவெடுக்கும் பிரிவும் ஜாப் சென்டரும் ஒரே துறைதான் என்றாலும், ஒன்று மற்றொன்றுக்குச் சொல்லியிருக்கும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

கிளெய்மன்ட் கமிட்மென்ட்: மறுக்காதீர்கள், மாற்றக் கேளுங்கள்

ஃபிட் ஃபார் வொர்க் முடிவு வந்த சில நாட்களில் ஜர்னலில் புதிய கமிட்மென்ட் (பணத்துக்காக நீங்கள் என்னென்ன செய்வீர்கள் என்ற உடன்பாடு) ஒன்று ஏற்கச் சொல்லி வந்து நிற்கும். "இதை ஏற்றால் நான் வேலை செய்யத் தகுதியானவன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்" என்று பலர் அதைத் தொடாமல் விடுகிறார்கள். விளைவு: கிளெய்ம் மூடப்படும். வாடகைப் பணம், பிள்ளைகளுக்கான பணம் எல்லாம் சேர்ந்து நிற்கும். சாங்ஷனைவிட (கடமை தவறியதற்கான பண வெட்டு) இது மோசம், ஏனென்றால் சாங்ஷன் ஸ்டாண்டர்ட் அலவன்ஸ் என்ற அடிப்படைத் தொகையை மட்டுமே தொடும்.

கமிட்மென்டை ஏற்பது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. பணம் வாங்குவதற்கான நிபந்தனை, அவ்வளவே. அதை ஏற்றுக்கொண்டே அப்பீல் நடத்தலாம்.

ஆனால் அதில் எழுதியிருப்பது உங்கள் உடம்புக்கு ஒத்துவராவிட்டால், ஏற்பதற்கு முன் பேசி மாற்றுங்கள். இதற்கு 2013ஆம் ஆண்டின் யூனிவர்சல் கிரெடிட் விதிகளில் இடம் இருக்கிறது. உடல் அல்லது மனநலக் குறைபாடு இருந்தால், தேட வேண்டிய மணி நேரத்தை அந்தக் குறைபாட்டுக்கு ஏற்றபடி குறைக்கலாம் (88ஆம் விதி). குறிப்பிட்ட வகை வேலை, குறிப்பிட்ட இடம் உங்களால் முடியாது என்றால் அவற்றை விலக்கலாம் (97ஆம் விதி). வேலை தேடும் கடமையையே தற்காலிகமாக நிறுத்தும் அதிகாரமும் வொர்க் கோச்சுக்கு உண்டு (99ஆம் விதி). விதி எண்ணைச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எண்ணோடு எழுதிய கோரிக்கையைத் தள்ளிவிடுவது அவர்களுக்குக் கடினம்.

வொர்க் கோச் மாற்ற மறுத்தால், வேறொரு அதிகாரி அதைப் பார்க்க வேண்டும் என்று உடனே கேளுங்கள். 15ஆம் விதி அதற்கு இடம் தருகிறது. கேட்டதை ஜர்னலில் எழுதி, எந்த வரியை, எந்தக் காரணத்தால் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்பதற்குக் கொடுத்த கெடு முடியும் தறுவாயிலும் பதில் வரவில்லை என்றால், ஏற்றுவிட்டு "மறுஆய்வு கேட்டிருக்கிறேன், கிளெய்ம் மூடாமல் இருக்க இப்போது ஏற்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கமிட்மென்டுக்குள் என்ன எழுத வைப்பது? "வாரம் 35 மணி நேரம் வேலை தேடுவேன்" என்பதற்குப் பதிலாக, "முதுகுத்தண்டு வலியும் மருந்தின் மயக்கமும் இருப்பதால் வாரம் 4 மணி நேரம், வீட்டிலிருந்தபடி, உட்கார்ந்தும் படுத்தும் செய்யக்கூடிய அளவுக்கு" என்று. எண் இருக்க வேண்டும், காரணம் இருக்க வேண்டும். "முடிந்த அளவு" என்று எழுதினால், முடிந்த அளவு எது என்று பின்னால் தீர்மானிப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

போவதற்கு முன்

அழைப்பு ஜர்னலில்தான் வரும். கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது ஜர்னலைத் திறந்து பார்க்க வேண்டும். உங்களால் முடியாவிட்டால் மகளோ தம்பியோ நண்பரோ பார்க்கலாம். ஆனால் அவர்கள் உங்கள் சார்பில் டிடபிள்யூபியோடு பேச வேண்டும் என்றால், யார், உறவு என்ன, எதைப் பற்றிப் பேசலாம் என்று நீங்களே ஜர்னலில் அனுமதி எழுத வேண்டும். ஒருமுறை கொடுத்த அனுமதி நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். அந்த விஷயம் முடிந்ததும் அதுவும் முடிந்துவிடலாம். தேவைப்படும்போது திரும்ப எழுதுங்கள்.

நேரில் போவது சிரமம் என்றால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட் (உங்கள் நிலைக்கு ஏற்ற நியாயமான மாற்றம்) கேட்கும் உரிமை உண்டு. தொலைபேசி நேர்காணல், வீட்டுக்கு வந்து பார்ப்பது, காலை மருந்தின் வேகம் அடங்கிய பிற்பகல் நேரம், தனி அறை, படியில்லாத தளம், நடுவில் எழுந்து நடக்க இடைவேளை, பேசியதை எழுத்தில் தருவது: இவையெல்லாம் வழக்கமாகக் கேட்கப்படுபவை. இப்படி ஒரு செய்தி எழுதலாம். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகப் போட்டாலே போதும்:

"12ஆம் தேதி 10 மணி அப்பாயின்மென்ட் பற்றி. எனக்குப் பதற்ற நோயும் மூட்டுவாதமும் இருக்கிறது. காலை 11 மணிக்கு முன் விரல்களும் கால்களும் இறுகி இருக்கும். கூட்டமான இடத்தில் மூச்சுத் திணறும். 2010 சமத்துவச் சட்டப்படி இந்தச் சந்திப்பைத் தொலைபேசியில், பிற்பகல் 1 மணிக்குப் பின், தமிழ் மொழிபெயர்ப்பாளருடன் நடத்தக் கேட்கிறேன். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதில் வரும் வரை அப்பாயின்மென்ட் ரத்தானதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை."

கடைசி வரி முக்கியம். கோரிக்கை அனுப்பிவிட்டோம் என்று போகாமல் இருந்துவிடுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். மாற்றினோம் என்று பதில் வரும் வரை பழைய நேரம் அப்படியே நிற்கிறது. முதல் நாள் வரை பதில் இல்லை என்றால் 0800 328 5644 என்ற யூனிவர்சல் கிரெடிட் எண்ணுக்குப் பேசி, யாரோடு எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று ஜர்னலில் போடுங்கள்.

துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். துணைக்கு வருபவர் பேசுவதைவிட எழுதுவதே பயன்: யார் என்ன சொன்னார், எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள், எப்போது வலியில் எழுந்தீர்கள் என்று.

மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போவது நம்மிடம் வழக்கம். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அப்பாவின் மனநோயையோ அம்மாவின் சிறுநீர்க் கட்டுப்பாட்டுப் பிரச்சினையையோ பதினாறு வயதுப் பிள்ளை உள்ளபடி சொல்லாது. நீங்களும் பிள்ளை முன்னால் உள்ளதைச் சொல்ல மாட்டீர்கள். டிடபிள்யூபி தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும். முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்.

உள்ளே உட்கார்ந்தபின்

பல சந்திப்புகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் வொர்க் கோச் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். முதல் கேள்வி "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். "ஃபைன், தேங்க் யூ" என்று வாயில் வருவது வெறும் மரியாதைதான். ஆனால் பதிவில் அது "நன்றாக இருக்கிறார்" என்று ஏறலாம். பதிலை முன்பே தயார் செய்து வையுங்கள்: "இந்த வாரம் நாலு நாள் படுக்கையிலேயே இருந்தேன். இன்று வந்ததால் நாளை எழுந்திருக்க முடியாது."

அப்பீல் பற்றி ஒரே வரிதான்: "முடிவை எதிர்த்து அப்பீல் போட்டிருக்கிறேன், விசாரணைக்குக் காத்திருக்கிறேன்." அதற்கு மேல் வழக்கை அங்கே வாதாட வேண்டாம். வொர்க் கோச்சால் அந்த முடிவை மாற்ற முடியாது. அவரால் முடிவது கமிட்மென்டைத் தளர்த்துவது, டிஸெபிலிட்டி எம்ப்ளாய்மென்ட் அட்வைசரிடம் (மாற்றுத்திறனாளிகளுக்கான வேலை ஆலோசகர்) அனுப்புவது, அடுத்த சந்திப்பைத் தொலைபேசிக்கு மாற்றுவது. உங்கள் பேச்சு முழுவதும் இந்த மூன்றைச் சுற்றியே இருக்கட்டும்.

"வேலை செய்ய விருப்பம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். விருப்பம் இருந்தால் இருக்கிறது என்று சொல்லலாம். அதனால் வழக்கு கெடாது. விருப்பமும் திறனும் கலந்துவிடாமல் சொன்னால் போதும்: "விருப்பம் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரவோ கவனம் செலுத்தவோ முடியவில்லை." ஆனால் இந்த இரண்டாவது பாதியில் நீங்கள் சொல்லும் எண்கள், மதிப்பீட்டுக்காக நிரப்பிய யூசி50 படிவத்தில் எழுதியவற்றோடு ஒத்திருக்க வேண்டும். அங்கே "50 மீட்டர் நடக்க முடியாது" என்று எழுதிவிட்டு இங்கே "பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தேன்" என்று மட்டும் சொன்னால், நடுவில் மூன்று இடத்தில் நின்றது பதிவில் இருக்காது. எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள்: யார் கூட்டி வந்தார், எத்தனை முறை நின்றீர்கள், வலி நிவாரணி எத்தனை மணிக்கு எடுத்தீர்கள். இதைப் பெரிதாக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மிகைப்படுத்திய ஒரு வரி, உண்மையான பத்து வரியின் மதிப்பையும் கெடுத்துவிடும்.

ஒரு பயிற்சியையோ ஒரு வேலையையோ காட்டி "இதைச் செய்யலாமே" என்றால், உடனே சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லாதீர்கள். இது கட்டாயமா, விருப்பமா என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம், எங்கே, எத்தனை பேர் இருப்பார்கள், படி உண்டா என்று கேளுங்கள். பிறகு உங்கள் நோயின் பின்னணியில் எது முடியாது என்று சொல்லி, ஜர்னலில் எழுத்தில் போடச் சொல்லுங்கள். ஃபிட் ஃபார் வொர்க் பிரிவில், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிச் செய்யாவிட்டால் வருவது மேல்நிலை சாங்ஷன்: முதல் முறை 91 நாள், அடுத்தது 182 நாள். ஆகவே "மாட்டேன்" என்ற ஒற்றைச் சொல்லைவிட "இந்தக் காரணத்தால் என் கமிட்மென்டின் வரம்புக்குள் இது வராது" என்பது பாதுகாப்பு. அந்த வரம்பை முன்பே எழுத வைத்திருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

எழுந்து வெளியே வர வேண்டிய நிலை வந்தால் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். சொல்லாமல் போனால் சந்திப்பை முடிக்கவில்லை, பங்கேற்கவில்லை என்று எழுத இடம் கொடுத்ததாகும்.

வீட்டுக்கு வந்ததும்

அன்றே ஜர்னலில் ஐந்தாறு வரி: "இன்று 1.15க்குச் சந்தித்தோம். அப்பீல் நிலுவையில் இருப்பதைச் சொன்னேன். பயிற்சி பற்றிப் பேசினோம். அது விருப்பம்தான் என்று சொன்னீர்கள். 10 நிமிடத்தில் நெஞ்சுப் படபடப்பு வந்து நடுவில் நிறுத்தினோம். அடுத்தது 26ஆம் தேதி தொலைபேசியில்." தவறு இருந்தால் அவர் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் உங்கள் வரிதான் பதிவு.

அடுத்த ஓரிரு நாள் உடம்பு எப்படி இருந்தது என்று தனி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இதற்கு ஒரு பெரிய பயன் இருக்கிறது. எல்சிடபிள்யூஆர்ஏ கிடைக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, யூனிவர்சல் கிரெடிட் விதிகளின் 7ஆம் அட்டவணையில் உள்ள ஏதாவதொரு செயலில் பொருந்துவது. அது பொருந்தாவிட்டாலும், வேலைக்கு ஆயத்தமாகச் சொன்னால் உங்களுக்கோ மற்றவருக்கோ கணிசமான ஆபத்து வரும் என்று காட்டினால், 9ஆம் அட்டவணைப்படி அந்தப் பிரிவில் வைக்கலாம். மனநோயில் இருப்பவர்கள் பலருக்கு இந்த இரண்டாவது வழிதான் கதவு. ஜாப் சென்டர் சந்திப்புக்கு முந்தைய இரவு தூக்கமின்மை, அங்கே வந்த பதற்றத் தாக்குதல், பிறகு மனநல நெருக்கடிக் குழுவுக்குப் போன அழைப்பு, ஜீபி (குடும்ப மருத்துவர்) மாத்திரை அளவை ஏற்றியது: இவை முடிவு நாளுக்குப் பின் நடந்தவைதான். ஆனாலும் முடிவு நாளிலேயே அந்த ஆபத்து இருந்தது என்பதற்கு அவை சாட்சி ஆகலாம். அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லியே ட்ரிப்யூனலுக்கு எழுதுங்கள்.

கூடவே, உங்கள் பகுதியில் என்னென்ன ஆயத்த நடவடிக்கைகள் இருக்கின்றன என்ற பட்டியலை டிடபிள்யூபிதான் ட்ரிப்யூனலுக்குத் தர வேண்டும். ஆபத்துக் கேள்வி எழும் ஈஎஸ்ஏ (நோயாளிகளுக்கான இன்னொரு உதவித்தொகை) வழக்குகளில் 2014இல் அப்பர் ட்ரிப்யூனல் (மேல் தீர்ப்பாயம்) அப்படிச் சொன்னது. டிடபிள்யூபி அனுப்பும் ஆவணத் தொகுப்பில் அந்தப் பட்டியல் இல்லை என்றால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். வொர்க் கோச் உண்மையில் உங்களிடம் செய்யச் சொன்னதையும் ஜர்னல் பக்கத்தோடு இணையுங்கள்.

போக முடியாத நாள்

முன்கூட்டிச் சொல்வதுதான் எல்லாம். காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றால் அப்பாயின்மென்ட் நேரத்துக்கு முன் ஜர்னலில் ஒரு வரி, கூடவே தொலைபேசி. எழுதும் நிலையிலேயே இல்லை என்றால் வீட்டில் ஒருவர் பேசட்டும். தவறவிட்டுவிட்டால் அன்றோ மறுநாளோ தொடர்புகொண்டு, காரணத்தைச் சொல்லி, புதிய நேரம் கேளுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு வரும் செய்திக்குப் பதில் போடாமல் விட்டால் உங்கள் பக்கம் இல்லாமலேயே முடிவெடுப்பார்கள்.

"உடம்பு சரியில்லை" என்பது போதாது. என்ன நோய், அன்று என்ன ஆனது, ஏன் தொலைபேசிகூட எடுக்க முடியவில்லை, ஆதாரம் என்ன என்று நான்கையும் சொல்லுங்கள். அழைப்பு கிடைக்கவில்லை, ஆங்கிலச் செய்தி புரியவில்லை, மருத்துவமனை நேரத்தோடு மோதியது, கேட்ட அட்ஜஸ்ட்மென்டுக்குப் பதில் வரவில்லை என்பவையும் நல்ல காரணங்களாக வைக்கத் தக்கவை. ட்ரிப்யூனல் விசாரணை நாளும் ஜாப் சென்டர் நாளும் ஒன்றாக விழுந்தால், விசாரணை அறிவிப்பின் படத்தைப் போட்டு உடனே மாற்றச் சொல்லுங்கள். விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன் அறிவிப்பு வரும் என்பதால் அவகாசம் இருக்கும்.

சாங்ஷன் விழுந்தால்

வேலை தேடும் பிரிவிலும் எல்சிடபிள்யூவிலும் நேர்காணலைத் தவறவிட்டால் கீழ்நிலை சாங்ஷன். நீங்கள் திரும்பக் கடமையைச் செய்யும் நாள் வரை ஓடும். அதன் மேல் முதல் முறை 7 நாள், ஒரு வருடத்துக்குள் மீண்டும் நடந்தால் 14, அதற்கடுத்து 28 நாள். 2025-26 கணக்கில் 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனி ஆளுக்கு மாத ஸ்டாண்டர்ட் அலவன்ஸ் 400.14 பவுண்ட், நாளொன்றுக்கு 13.10 பவுண்ட் வெட்டு. 3ஆம் தேதி தவறவிட்டு 10ஆம் தேதி போனால் ஏழு நாளும் அதன் மேல் ஏழும்: 183 பவுண்டுக்கு மேல். போக முடியாமல் மூன்று வாரம் இழுத்தால் அந்த மாதமே ஏறக்குறையக் காலி. தாமதம்தான் தொகையை ஏற்றுகிறது. கோபத்தில் "அப்பீலில் பார்த்துக்கொள்கிறேன்" என்று இருப்பதை விட்டுவிட்டு, முதலில் புதிய நேரம் வாங்கிப் போய்வாருங்கள்.

பிறகு சாங்ஷனை எதிர்த்துத் தனியாக மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன் கேட்க வேண்டும். திறன் முடிவை எதிர்த்துப் போட்ட அப்பீல் இதற்குச் சேராது. இது வேறு முடிவு, வேறு அப்பீல்.

கையில் காசில்லை என்றால் ஹார்ட்ஷிப் பேமென்ட் (நெருக்கடி உதவிப் பணம்) கேட்கலாம்: வெட்டப்பட்டதில் ஏறக்குறைய 60 சதவீதம். அதற்கு முந்தைய ஏழு நாளும் கடமைகளைச் செய்திருக்க வேண்டும். அது கடன்தான், பின்னால் பிடிப்பார்கள். ஒவ்வொரு மாதக் கணக்குக்கும் புதிதாகக் கேட்க வேண்டும் என்பதை மறந்து முதல் மாதத்தோடு விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

சிக் நோட்டை நிறுத்தாதீர்கள்

ஃபிட் ஃபார் வொர்க் என்று வந்ததும் ஜீபி "இனி நோட் தேவையில்லை" என்று சொல்லலாம். அப்பீல் நடக்கிறது, தொடர்ந்து வேண்டும் என்று கேளுங்கள். 2022 ஜூலை முதல் மருத்துவர் மட்டுமல்ல, நர்ஸ், ஃபார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரும் கையெழுத்திடலாம்.

அதே நோய்க்கான நோட், வேலை தேடும் கடமையைத் தானாக நிறுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது ஆதாரம், அதைக் காட்டித்தான் 99ஆம் விதிப்படி தளர்த்தக் கேட்க வேண்டும். காய்ச்சல், எலும்பு முறிவு என்று புதிதாக வந்தால் நிலைமை வேறு: 14 நாள் வரை, 12 மாதத்தில் இரண்டு முறை, தேடும் கடமை நிற்கும்.

நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏவில் ஃபிட் ஃபார் வொர்க் என்று வந்து அப்பீல் போடுகிறவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அப்பீல் முடியும் வரை மதிப்பீட்டுக் கால விகிதத்தில் பணம் தொடரலாம். அதற்கு நோட் விடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டில் இப்படித் தனி ஏற்பாடு இல்லை.

உடம்பு மோசமானால், அல்லது கை ஓய்ந்துபோனால்

முடிவுக்குப் பின் நோய் கூடினாலோ புதிதாக ஒன்று வந்தாலோ, அதை அப்பீலில் சேர்த்துப் பயனில்லை. ஜர்னலில் நிலைமை மாற்றமாகத் தெரிவித்துப் புதிய அசெஸ்மென்ட் கேளுங்கள். அப்பீல் அதன் போக்கில் நடக்கட்டும்.

அலுத்துப்போய் "அப்பீலை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம்" என்ற எண்ணம் வரும். இப்போது அதற்கு விலை அதிகம். 2026 ஏப்ரல் 6 முதல் எல்சிடபிள்யூஆர்ஏவில் புதிதாகச் சேர்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கூடுதல் தொகை மாதம் 217.26 பவுண்ட்தான், 2025-26இல் அது 423.27 ஆக இருந்தது. வாழ்நாள் முழுக்க நீடிக்கும் கடும் நோய், இறுதிக்கட்ட நோய் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் அப்பீல் அந்தத் தேதிக்கு முந்தைய தகுதியைப் பற்றியதாக இருந்தால், அதை வாபஸ் வாங்கும் முன் ஓர் ஆலோசகரிடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கிளெய்மை மூட விடாமல் கமிட்மென்டை ஏற்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வென்றபின்

ட்ரிப்யூனல் முடிவு டிடபிள்யூபிக்குத் தனியாகப் போகும், ஆனால் அதன் படத்தை நீங்களும் ஜர்னலில் ஏற்றுங்கள். மூன்றைச் சரிபாருங்கள். நிலுவைப் பணம் சரியான மாதத்திலிருந்து வந்திருக்கிறதா: வழக்கமாக முதல் சிக் நோட் கொடுத்து மூன்று மாதக் காத்திருப்பு முடிந்த பின்னால் தொடங்கும். எல்சிடபிள்யூஆர்ஏவுக்குப் பின்னும் ஜர்னலில் அப்பாயின்மென்ட் நிற்கிறதா: நின்றால் ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள், ரத்து என்று பதில் வரும் வரை விட்டுவிடாதீர்கள். நடுவில் வெட்டிய சாங்ஷன் பணம்: எல்சிடபிள்யூஆர்ஏ உள்ளவருக்கு வெட்டு விகிதம் பூஜ்யம் என்று 111ஆம் விதி சொல்கிறது. ஆகவே அந்த மாதங்களும் நீங்கள் வென்ற காலத்துக்குள் வந்தால், எந்தெந்த மாதம், எவ்வளவு என்று ஸ்டேட்மென்டைப் பார்த்து எழுதித் திரும்பக் கேளுங்கள்.